70 சதவீத ஓட்டு வாங்கியும் தோற்றது எப்படி? ஸ்பெயினின் யூரோவிஷன் சண்டையும் அதன் கணக்கும்

2022 ஜனவரி 29-ம் தேதி இரவு, ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரை ஊரான பெனிடோர்மில் ஒரு பாட்டுப் போட்டி முடிந்தது. அந்த ஆண்டு ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு ஸ்பெயின் சார்பில் யார் போவது என்று முடிவு செய்வதற்கான போட்டி. பொதுமக்கள் போட்ட தொலைபேசி ஓட்டில் 70.75% வாங்கிய குழு மூன்றாம் இடத்துக்குப் போனது. 3.97% வாங்கிய பாடகி ஜெயித்தார்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் யாருக்கும் ‘ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது’ என்றுதான் முதலில் தோன்றும். ஸ்பெயின் ரசிகர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. போட்டியை நடத்திய தொலைக்காட்சி நிறுவனத்தின் தொழிற்சங்கம் விளக்கம் கேட்டது, கட்சிகள் விவகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோயின, ஜெயித்த பாடகி வசவு தாங்காமல் ட்விட்டர் கணக்கை மூடிவிட்டார். ஆனால் இந்த முடிவு வருவதற்குத் தில்லுமுல்லு எதுவும் தேவையில்லை. விதிகளில் இருந்த ஒரு சின்ன அட்டவணையே போதும். எப்படி என்று பார்ப்போம்.

யூரோவிஷன்: இந்தக் கதைக்குத் தேவையான அளவு மட்டும்

யூரோவிஷன் 1956-ல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஏழு நாடுகளோடு தொடங்கிய பாட்டுப் போட்டி. நடத்துவது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். இதில் உறுப்பினராக இருப்பவை அரசாங்கங்கள் அல்ல, அந்தந்த நாட்டின் பொதுத்துறை தொலைக்காட்சி நிறுவனங்கள். ஸ்பெயினுக்கு அது ஆர்.டி.வி.இ. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது, முதன்மைக் குரல் நேரடியாகப் பாடப்பட வேண்டும்.

ஒவ்வொரு நாடும் இரண்டு தொகுதி புள்ளிகள் கொடுக்கும். ஒன்று இசைத்துறையைச் சேர்ந்த ஜூரி, அதாவது நடுவர் குழு, கொடுப்பது, இன்னொன்று பொதுமக்கள் ஓட்டில் வருவது. முதல் இடத்துக்கு 12, இரண்டாவதுக்கு 10, அப்புறம் 8-லிருந்து 1 வரை. தன் நாட்டுக்குத் தானே ஓட்டுப் போட முடியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எந்தப் பாட்டை அனுப்புவது என்பது முழுக்க அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். அறைக்குள் உட்கார்ந்து தாங்களே முடிவு செய்யலாம், அல்லது உள்நாட்டுப் போட்டி வைக்கலாம். முதல் வழியில் போனால் ‘எங்களைக் கேட்கவே இல்லை’ என்பார்கள். இரண்டாவது வழியில் போனால் ‘கேட்டீர்கள், ஆனால் கேட்டபடி செய்யவில்லை’ என்பார்கள். ஸ்பெயினில் வெடித்தது இரண்டாவது.

ஸ்பெயின் பெனிடோர்முக்கு வந்த பாதை

ஸ்பெயின் யூரோவிஷனில் ஜெயித்தது 1968-லும் 1969-லும்தான். இரண்டாவது வெற்றியும் தனி வெற்றி அல்ல, நான்கு நாடுகள் சமமாக வந்து பங்குபோட்டது. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் ஆகியவற்றோடு ‘பெரிய ஐந்து’ நாடுகளில் ஒன்றாக இருந்ததால் ஸ்பெயினுக்கு அரையிறுதி கிடையாது, நேராக இறுதிச்சுற்றுதான். அதனால் தோல்வி வரும்போது அரையிறுதியோடு சத்தமில்லாமல் முடியாது. மொத்த ஐரோப்பாவும் பார்க்கிற இரவில், பட்டியலின் அடிவாரத்தில் முடியும்.

2015 தொடங்கி அப்படித்தான் முடிந்துகொண்டிருந்தது. 21, 22, 26, 23, 22, 24 என்பவை 2015-லிருந்து 2021 வரை ஸ்பெயின் பிடித்த இடங்கள் (2020-ல் கொரோனாவால் போட்டி நடக்கவில்லை). இதில் 26 என்பது 2017. அந்த ஆண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2022-ல் ரசிகர்கள் மனதில் இருந்தது அந்தக் காயம்தான்.

2017 உள்நாட்டுப் போட்டியில் மனெல் நவாரோவும் மிரேலாவும் தலா 58 புள்ளியோடு சமமாக நின்றார்கள். பொதுமக்கள் ஓட்டில் மிரேலா முன்னால் இருந்தார். ஆனால் சமநிலையை உடைக்கும் பொறுப்பு ஜூரியிடம் போனது, ஜூரி மனெலைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டு யூரோவிஷன் நடந்த கீவ் நகர மேடையில் பாட்டின் உச்சத்தில் அவர் குரல் உடைந்தது. போர்ச்சுகல் மக்கள் போட்ட 5 புள்ளியோடு கடைசி இடம். ‘ஜூரி திருடியது’ என்ற வாக்கியம் ஸ்பெயின் ரசிகர்கள் வாயில் அன்றிலிருந்தே தயாராக இருந்தது.

2021-ல் 6 புள்ளியோடு 24-ம் இடம் வந்த பிறகு ஆர்.டி.வி.இ. முறையையே மாற்றியது. இத்தாலியின் சான்ரெமோ விழா போல, யூரோவிஷனைத் தாண்டியும் மதிப்புள்ள ஒரு பாட்டு விழாவை உருவாக்குவது என்று தீர்மானித்துப் பெனிடோர்ம் ஃபெஸ்ட்டைத் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே நாடு முழுக்க இதைப் பேசியது. அந்த வகையில் திட்டம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்துவிட்டது.

மூன்று பாட்டு, மூன்று கட்சி

இறுதிச்சுற்றில் எட்டுப் பேர். சண்டை மூன்று பேருக்கு இடையில்.

1. தன்ஷுகெய்ராஸ், ‘தெர்ரா’. வடமேற்கில் உள்ள கலீசியாவைச் சேர்ந்த மூன்று பெண்கள், அதில் இருவர் இரட்டைச் சகோதரிகள். கையில் பந்தெய்ரெத்தா, நம் கஞ்சிராவைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரம் முழுக்க ஜால்ராத் தகடு கோத்ததாக நினைத்துக்கொள்ளலாம். கலீசியக் கிராமத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதைத் தட்டிப் பாடிய பாணியில் மின்னிசையைச் சேர்த்த பாட்டு. பாடியது கலீசிய மொழியில். நடுவே ‘எல்லைகள் இல்லை’ என்ற ஒரே வரியை ஸ்பெயினின் மற்ற மொழிகளிலும் மாற்றி மாற்றிப் பாடுவார்கள்.

2. ரிகோபெர்த்தா பந்தீனி, ‘ஐ மாமா’. பார்சிலோனாக்காரர். தாய்மையையும் பெண் உடலைப் பார்த்து ஊர் கூச்சப்படுவதையும் பற்றிய பாட்டு. பெண்ணியப் பாட்டு என்று ஒரு பெரிய கூட்டம் இதைத் தூக்கிப்பிடித்தது.

3. சானெல், ‘ஸ்லோமோ’. கியூபாவின் ஹவானாவில் பிறந்து, ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள கேத்தலோனியாவில் வளர்ந்தவர். மேடை இசை நாடகங்களில் ஆடிப்பாடி வந்தவர், வெளியில் அவ்வளவாகத் தெரியாத பெயர். ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்த நடனப் பாட்டு. ஜூரிக்குப் பிடித்ததும், எதிர்ப்பவர்களுக்குப் பிடிக்காததும் ஒன்றுதான்: அச்சுப் பிசகாத ஆட்டம், அதன் நடுவே மூச்சு வாங்காத குரல்.

மற்ற இரண்டு பாட்டுகளுக்கும் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. மூன்றாவதுக்குப் பின்னால் இருந்தது பயிற்சி மட்டுமே. ஒரு பாட்டுக்கு ஓட்டுப் போடுவது ஒரு கருத்துக்கு ஓட்டுப் போடுவதாக ஆகிவிட்டபோது, கருத்து எதையும் சொல்லாத பாட்டு ஜெயித்தது. ஆத்திரத்தில் பாதி இங்கேயே பிறந்தது.

ஓட்டை எண்ணிய விதம்

மொத்தம் மூன்று தரப்பு.

ஜூரி: 50%. உள்நாட்டு, வெளிநாட்டுத் துறையினர் சிலர். விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மாதிரிக் குழு: 25%. கருத்துக்கணிப்பில் செய்வதுபோல, நாட்டின் மக்கள்தொகையைப் பிரதிபலிக்கும்படி வயது, பகுதி முதலியவற்றைப் பார்த்துப் பொறுக்கியெடுத்த சாதாரண ஆட்கள்.

பொதுமக்கள்: 25%. தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் காசு கொடுத்துப் போடும் ஓட்டு.

முடிவு இப்படி வந்தது:

சானெல்: ஜூரி 51, மாதிரிக் குழு 25, பொதுமக்கள் 20. மொத்தம் 96.
ரிகோபெர்த்தா பந்தீனி: ஜூரி 46, மாதிரிக் குழு 20, பொதுமக்கள் 25. மொத்தம் 91.
தன்ஷுகெய்ராஸ்: ஜூரி 30, மாதிரிக் குழு 30, பொதுமக்கள் 30. மொத்தம் 90.

பொதுமக்கள் ஓட்டில் ரிகோபெர்த்தாவுக்கு 18.08%. மாதிரிக் குழு, பொதுமக்கள் இரண்டிலுமே தன்ஷுகெய்ராஸ்தான் முதலிடம் என்பதைக் கவனியுங்கள்.

அட்டவணை செய்த வேலை

பள்ளிக்கூட ரேங்க் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ரேங்க் எடுத்தவன் 98, இரண்டாவது ரேங்க் 61, மூன்றாவது 35. ரேங்க்கை மட்டும் பார்ப்பவருக்கு 1, 2, 3 என்றுதான் தெரியும். மார்க் இடைவெளி காணாமல் போய்விடும். பெனிடோர்மில் பொதுமக்கள் ஓட்டுக்கு நடந்தது இதுவே. எத்தனை சதவீதம் என்பது கணக்கில் இல்லை. எத்தனையாவது இடம் என்பது மட்டும்தான். அதற்கான அட்டவணை: 30, 25, 20, 18, 16, 14, 12, 10.

ஆக 70.75% என்பது 30 ஆனது. 18.08% என்பது 25 ஆனது. 3.97% என்பது 20 ஆனது. கிட்டத்தட்ட 18 மடங்கு வித்தியாசம், ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிட்டது. ஒருவர்கூட ஓட்டுப் போடாமல் கடைசியில் நின்றிருந்தாலும் 10 புள்ளி உண்டு.

இதை இன்னும் கொஞ்சம் நோண்டினால் விசித்திரமான விஷயங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, அன்றைக்குப் பதிவான மொத்த ஓட்டும், 100 சதவீதமும், தன்ஷுகெய்ராஸுக்கே விழுந்திருந்தாலும் அவர்களுக்குக் கிடைத்திருப்பது அதே 30-தான். இரண்டாம் இடத்தைவிட ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கியிருந்தாலும் 30-தான். முதலிடம் உறுதியான பிறகு அவர்களுக்காக ரசிகர்கள் செலவழித்த காசு அத்தனையும் முடிவைப் பொறுத்தவரை வீண்.

இரண்டாவது, சானெல் பொதுமக்கள் ஓட்டில் மூன்றாவதாக வராமல் எட்டாவதாக, அதாவது கடைசியாக, வந்திருந்தால்? 20-க்குப் பதில் 10, மொத்தம் 86. அப்போது முதலிடம் 91 புள்ளியோடு ரிகோபெர்த்தாவுக்குப் போயிருக்கும். தன்ஷுகெய்ராஸ் அப்போதும் தோற்றிருப்பார்கள், ஒரு புள்ளியில்.

மூன்றாவது விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ஜூரியின் புள்ளி இந்த அட்டவணைக்குள் நுழையவில்லை. ஜூரியில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்ணைச் சேர்த்து வந்த தொகை அது. அதனால்தான் 51, 46, 30 என்று இடைவெளியோடு நிற்கிறது. ஜூரிக்கு எவ்வளவு பிடித்தது என்பது கணக்கில் ஏறியது. மக்களுக்கு எவ்வளவு பிடித்தது என்பது ஏறவில்லை, யாரை அதிகம் பிடித்தது என்பது மட்டும் ஏறியது. ஜூரியில் தன்ஷுகெய்ராஸ் சானெலைவிட 21 புள்ளி பின்தங்கினார்கள். மாதிரிக் குழுவில் 5, பொதுமக்கள் ஓட்டில் 10 என்று 15 புள்ளியை மீட்டார்கள். மிச்சம் 6. போட்டி முடிந்த வித்தியாசமும் அந்த 6-தான்.

50-25-25 என்று காகிதத்தில் எழுதிய பங்கீட்டைப் பார்த்து, ‘மக்களுக்கும் பாதி, ஜூரிக்கும் பாதி’ என்று நினைத்தவர்கள் ஏமாந்தது இங்கேதான். ஒரு தரப்பின் உண்மையான பலம் அதற்கு எத்தனை புள்ளி ஒதுக்கப்பட்டது என்பதில் இல்லை. போட்டியாளர்களுக்கு இடையே அது எவ்வளவு இடைவெளி போட முடியும் என்பதில் இருக்கிறது. பொதுமக்கள் ஓட்டு முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே 10 புள்ளிக்கு மேல் இடைவெளி போடவே முடியாது. ஜூரிக்கு அந்தக் கட்டு இல்லை.

அப்படியானால் சதவீதப்படியே கொடுத்துவிடலாமே?

செய்து பார்க்கலாம். அட்டவணையின் மொத்தம் 145 புள்ளி. அதைச் சதவீதப்படி பிரித்தால் தன்ஷுகெய்ராஸுக்கு 102.6, ரிகோபெர்த்தாவுக்கு 26.2, சானெலுக்கு 5.8. மற்ற புள்ளிகளைச் சேர்த்தால் முறையே 162.6, 92.2, 81.8. அதாவது சானெல் மூவரில் கடைசி.

மக்கள் தீர்ப்பு ஜெயித்தது என்று கொண்டாடலாம். ஆனால் இதிலும் ஒரு கோளாறு. இப்போது ஜூரி இருந்தும் இல்லாத கதை. அவர்கள் 51 கொடுத்தாலும் 60 கொடுத்தாலும் 102-க்கு முன்னால் எடுபடாது. காசு கொடுத்து ஒருவரே பலமுறை போடக்கூடிய ஓட்டு அது என்பதையும் சேர்த்து யோசித்தால், திட்டமிட்டுத் திரளும் ஒரு கூட்டம் மொத்தப் போட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விடும். ரேங்க் அட்டவணைக்கு உச்சவரம்பு போல ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது.

யூரோவிஷனும் ரேங்க் முறைதானே, அங்கே ஏன் இந்தக் கோளாறு வருவதில்லை என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நம் சட்டமன்றத் தேர்தலில் ஒரு தொகுதியில் லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் ஒரே எம்.எல்.ஏ.தான், ஆனால் 234 தொகுதியிலும் அலை வீசினால் அது எண்ணிக்கையில் தெரிந்துவிடும். யூரோவிஷனில் ஒவ்வொரு நாடும் ஒரு தொகுதி. 2022-ல் 40 நாடுகள். உக்ரைனுக்குப் பொதுமக்கள் ஓட்டில் கிடைத்தது 439 புள்ளி, கிடைக்கக்கூடிய உச்சம் 468. ஒவ்வொரு நாட்டிலும் இடைவெளி அழிந்தாலும், 39 நாடுகளைக் கூட்டும்போது அலை திரும்பத் தெரிந்துவிட்டது. பெனிடோர்மில் மொத்த ஸ்பெயினும் ஒரே தொகுதி. அலை வீசினாலும் ஒரே எம்.எல்.ஏ.

ஸ்வீடன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அவர்களுடைய உள்நாட்டுப் போட்டியான மெலோடிஃபெஸ்டிவாலனில் செயலி வழியாக வரும் ஓட்டை வயதுவாரியாக ஏழாகப் பிரித்து, தொலைபேசி ஓட்டை எட்டாவதாக வைத்து, ஒவ்வொன்றையும் தனித் தொகுதிபோல ரேங்க் போடுகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் மட்டும் விரும்பும் பாட்டுக்கு ஒரு தொகுதியில்தான் முதலிடம். எல்லா வயதுக்காரரும் விரும்பும் பாட்டு எட்டிலும் அள்ளும். ஸ்பெயினில் 17 தன்னாட்சிப் பகுதிகள் உண்டு. அதன்படி பிரித்திருந்தால் ‘கலீசியாக்காரர்கள் மட்டும் போட்ட ஓட்டு’ என்ற வாதம் உண்மையா என்பதும் தெரிந்திருக்கும்.

மோசடிக் குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் நிற்கும்?

1. ‘ஜூரி ஆள் பார்த்துப் போட்டது.’ ஜூரியில் இருந்த நடன அமைப்பாளர் ஒருவர் முன்பு சானெலுடன் வேலை செய்தவர். இது ரகசியம் அல்ல, பொதுவெளியில் இருந்த தகவல். அவர் வேண்டுமென்றே கூட்டிப் போட்டார் என்பதற்கு ஆதாரம் எதுவும் வரவில்லை. ஆனாலும் 6 புள்ளியில் முடிந்த போட்டியில் ஒரு நடுவரின் மதிப்பெண் சின்ன விஷயமா? அப்படி ஒருவரை உட்காரவைத்தது நிறுவனத்தின் தவறு என்றே நினைக்கிறேன். திறமையான நடுவர் வேறு, சந்தேகத்துக்கு இடம் கொடுக்காத நடுவர் வேறு.

2. ‘விதியை நடுவில் மாற்றினார்கள்.’ இல்லை. 50-25-25 என்பதும் அட்டவணையும் முன்பே இருந்தவை. அதன் விளைவு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

3. எதிர்த்தரப்பின் வாதம்: ‘70 சதவீதம் என்பது கலீசியாவின் திரண்ட ஓட்டு, ஸ்பெயினின் கருத்து அல்ல.’ இதையும் முழுசாக ஏற்க முடியவில்லை. கலீசியாவின் மக்கள்தொகை சுமார் 27 லட்சம், ஸ்பெயினுக்கு நாலரைக் கோடிக்கு மேல். மாதிரிக் குழுவில் கலீசியாவின் பங்கு அதன் அளவுக்கு ஏற்பச் சிறியதாகவே இருந்திருக்கும். அங்கே ஓட்டுக்குக் காசு கிடையாது, ஒருவர் நூறு தடவை போடவும் முடியாது. அந்தக் குழுவிலும் தன்ஷுகெய்ராஸ்தான் முதலிடம். ஆக மக்கள் ஆதரவு நிஜம், ஆனால் 70 என்ற அளவு ஊதிப்பெருத்ததாக இருக்கலாம். அதே குழு சானெலை இரண்டாவதாக வைத்தது என்பதை தன்ஷுகெய்ராஸ் ரசிகர்கள் சொல்லாமல் தாண்டிப்போவார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்த சில நாட்களில் கலீசியக் கட்சிகளும் தேசியக் கட்சிகளும் ஆர்.டி.வி.இ.யிடம் விளக்கம் கேட்டன. நிறுவனத்தின் உள்ளே இருந்த தொழிற்சங்கமும் கேட்டது. முறையை மறுபரிசீலனை செய்வதாக நிறுவனம் சொன்னது. அடுத்த ஆண்டும் 50-25-25 பங்கீடு மாறவில்லை.

மொழி: கணக்குக்குள் அடங்காத கோபம்

இதுவரை சொன்னதை வைத்து, ரேங்க் அட்டவணைக்காகவா ஒரு நாடு இப்படிக் கொந்தளித்தது என்று கேட்டால், இல்லை. அட்டவணை தீக்குச்சி. வைக்கோல் ஐம்பது வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

1968-ல் ஸ்பெயின் சார்பில் பாடத் தேர்வானவர் ஜோன் மனுவெல் செர்ராத். அவர் பாட்டைக் கேத்தலான் மொழியில் பாடுவேன் என்றார். ஃபிராங்கோவின் சர்வாதிகார ஆட்சி நடந்த காலம். பொது இடங்களில் ஸ்பானிஷ் தவிர மற்ற மொழிகளை அமுக்கிவைத்திருந்த ஆட்சி. செர்ராத் விலக்கப்பட்டார். கடைசி நேரத்தில் மாஸியெல் அழைக்கப்பட்டு, அதே பாட்டை ஸ்பானிஷில் பாடி லண்டனில் ஜெயித்தார், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். ஸ்பெயினின் முதல் வெற்றி இப்படித்தான் வந்தது.

ஃபிராங்கோ 1975-ல் செத்தார். கேத்தலான், கலீசியம், பாஸ்க் மொழிகள் தத்தம் பகுதிகளில் ஆட்சிமொழி ஆயின. அண்டையில் இருக்கும் குட்டி நாடான அந்தோரா யூரோவிஷன் மேடையில் கேத்தலானில் பாடிவிட்டது. ஸ்பெயினிலிருந்து கலீசியத்திலோ கேத்தலானிலோ பாஸ்க்கிலோ ஒரு பாட்டும் போகவில்லை. ஆனால் 2016-ல் முழுக்க ஆங்கிலத்திலேயே ஒரு பாட்டு போனது. அந்நிய மொழிக்கு இடம் உண்டு, வீட்டு மொழிக்கு இல்லையா என்ற கேள்வி கலீசியாக்காரருக்கு எப்படிச் சுருக்கென்று குத்தியிருக்கும் என்பதைத் தமிழில் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதனால்தான் ‘தெர்ரா’ தோற்றபோது ஒரு பாட்டு தோற்றதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதை வென்ற பாட்டில் ஆங்கிலம் கலந்திருந்தது, எரிகிற தீயில் எண்ணெய். இந்த நியாயமான கோபம் சானெல் என்ற தனி ஆள் மேல் கொட்டப்பட்டது மட்டும் அநியாயம். விதியை எழுதியவர் அவர் இல்லை. அவரோடு போட்டியிட்ட கலைஞர்களே அந்த வசவைக் கண்டித்தார்கள்.

டூரினில் நடந்தது

2022 மே 14, யூரோவிஷன் இறுதிச்சுற்று நடந்த இத்தாலியின் டூரின் நகரம். முத்தும் கல்லும் பதித்த, காளைச் சண்டை வீரரின் உடையை நினைவூட்டும் குட்டைச் சட்டையில் சானெல் மேடையேறினார். பாட்டின் கடைசிப் பகுதியில் குரல் நின்று ஆட்டம் மட்டும் ஓடும் சில நொடிகள் வரும். அரங்கம் அங்கேதான் எழுந்தது. ஜூரி 231, பொதுமக்கள் 228, மொத்தம் 459. மூன்றாம் இடம். 1995-க்குப் பிறகு ஸ்பெயினுக்குக் கிடைத்த சிறந்த இடம்.

ஜனவரியில் திட்டியவர்களில் நிறையப் பேர் அன்றிரவே கட்சி மாறினார்கள். ‘சானெலாஸோ’ என்று ஒரு சொல்லே பிறந்தது. ‘பார்த்தீர்களா, ஜூரி சொன்னது சரி’ என்று ஒரு தரப்பு தீர்ப்பு எழுதி மூடிவிட்டது.

அந்தத் தீர்ப்பு சரியில்லை. காரணம் எளிது: தன்ஷுகெய்ராஸ் டூரினுக்குப் போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அளக்க வழி இல்லை. 228 என்ற எண் நிரூபிப்பது ஒன்றைத்தான்: உள்நாட்டில் 3.97% வாங்கிய பாட்டு வெளிநாட்டு மக்களிடம் அள்ளிக்கொண்டு வர முடியும். இது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. உள்நாட்டு ஓட்டாளர் ‘எனக்குப் பிடித்தது எது’ என்று பார்க்கிறார். யூரோவிஷனில் ஓட்டுப் போடப்போவதோ அவரைத் தவிர மற்ற எல்லோரும். வெளிநாட்டு நடுவர்களை ஜூரியில் வைப்பதன் தர்க்கமும் அதுவே.

ஆனால் ஜூரி எப்போதும் சரியாகச் சொல்லும் என்பதற்கு ஸ்பெயினே எதிர்சாட்சி. 2017-ல் ஜூரி தேர்ந்தெடுத்தவர் கடைசி இடம். 2023-ல் பெனிடோர்ம் ஜூரி மிகவும் மெச்சிய பிளாங்கா பலோமா, தாலாட்டும் தெற்கு ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையும் கலந்த பாட்டோடு, அந்த ஆண்டு யூரோவிஷன் நடந்த லிவர்பூலுக்குப் போனார். அங்கே ஜூரிகள் 95 கொடுத்தன, பொதுமக்கள் 5. மொத்தம் 100, 17-ம் இடம். அதே இரவில் ஸ்வீடனின் லொரீன் ஜூரியின் 340 புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தார். பொதுமக்கள் ஓட்டில் 376 வாங்கிய ஃபின்லாந்தின் கேரியா இரண்டாவது. பெனிடோர்மில் நடந்த சண்டை அன்றிரவு ஐரோப்பா முழுக்க நடந்தது.

பிறகு

2025-ல் கதை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. சுவிட்சர்லாந்தின் பாசெலில் நடந்த யூரோவிஷன் இறுதிச்சுற்றில் ஸ்பெயின் பொதுமக்கள் ஓட்டு தன் 12 புள்ளியை இஸ்ரேலுக்குக் கொடுத்தது, ஸ்பெயின் ஜூரி ஒன்றுமே கொடுக்கவில்லை. இந்தத் தடவை பொதுமக்கள் ஓட்டைத் தணிக்கை செய்யவேண்டும் என்று கேட்டது ரசிகர்கள் அல்ல, ஆர்.டி.வி.இ.யேதான். ஒருவர் 20 ஓட்டு வரை போடலாம் என்ற விதி திட்டமிட்ட திரட்டலுக்கு வழிவிடுகிறது என்ற புகார் பல நாடுகளிலிருந்து வந்தது. ஒலிபரப்பு ஒன்றியம் 2026 முதல் அதை 10 ஆகக் குறைத்தது, அரையிறுதிக்கும் ஜூரியைத் திரும்பக் கொண்டுவந்தது.

அதில் ஸ்பெயின் சமாதானம் ஆகவில்லை. இஸ்ரேல் பங்கேற்பதை எதிர்த்து 2025 டிசம்பரில் யூரோவிஷனிலிருந்தே விலகியது. பெனிடோர்ம் ஃபெஸ்ட் மட்டும் 2026-லும் நடந்தது, யூரோவிஷன் டிக்கெட் இல்லாமல்.